பாடப்பொருளும் திறந்த உரிமமும்

2018-19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளின் புதிய பாடநூல்கள் கியூஆர் குறியீட்டுடன் வந்தன. அக்குறியீடு இட்டுச்செல்லும் தீக்‌ஷா தளம் ‘சன்பேர்ட்’ என்னும் திறந்த மூல மென்பொருளில் இயங்குகிறது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், தம் தேவைக்கு நிறுவிக்கொள்ளலாம். அரசுப் பணிகளில் இத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை தருமாறு ஒன்றிய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையும் கூறுகிறது.

ஆனால், திறந்து வைத்தால் மட்டும் போதாது. யார் திருத்தலாம், யார் சரிபார்ப்பார், உழைத்தவர் பெயர் எங்கே நிற்கும் என்னும் விதிகளும் தேவை. நம் பாடப்பொருளுக்கும் இது பொருந்தும். ஆசிரியர் மாறுதலில் சென்றால் அவர் உருவாக்கிய காணொலிகளும் அவரது மடிக்கணினியோடு சென்றுவிடுகின்றன.

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையின் முத்துச்சிப்பியைப் பாடமாக்குவதாகக் கொள்வோம். இங்குக் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கு வளர்ப்பு முத்தை உருவாக்கியது. இப்பாடத்தைக் குறுவள மையத்தில் கூட்டாக உருவாக்க நான் பரிந்துரைக்கும் விதிகள் நான்கு:

1. உரிமம்: எந்தக் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுக.
2. படம்: இணையப் படத்தின் உரிமத்தை முதலில் பார்க்க. ‘மாற்றம் கூடாது’ என்றிருந்தால் அதைத் திருத்திப் பகிரக் கூடாது.
3. சரிபார்ப்பு: எழுதியவர் அல்லாத வேறொரு பாட ஆசிரியர் படித்துப் பார்க்க வேண்டும்.
4. பதிவு: திருத்தியவர் பெயர், நாள், காரணம் ஆகியவை கடைசிப் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

இவற்றைப் பின்பற்றினால் ஆசிரியர் மாறினாலும் பாடம் பள்ளியில் தங்கும். அடுத்து வருபவர் அதை மேலும் செம்மைப்படுத்துவார்.