நீர்க்கடுப்பு பற்றி கயலுக்கு

அன்புள்ள கயல்,

ஹாஸ்டல் கழிப்பறை நாறுகிறதென்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாய். இப்போது போனால் எரிகிறது, போய்வந்த ஐந்து நிமிடத்தில் மறுபடி முட்டுகிறது என்கிறாய். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருவதுதான்.

குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை கிருமிதான் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குள் ஏறித் தொல்லை தருகிறது. ஆண்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும் சிறுநீர்க் குழாய் நமக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்கு வழி குறுகியது. ஏறிவருவதை அவ்வப்போது அடித்து வெளியே தள்ளுவது நாம் கழிக்கும் சிறுநீரே. அடக்கி வைத்தால் கிருமி பெருக நேரம் கிடைத்துவிடும். பாட்டி இதை "சூடு" என்பாள். வெயிலில் தண்ணீர் குறைந்தால் வரும் என்று அவள் கண்டது சரிதான். ஆனால் இளநீரும் வெந்தயமும் கிருமியைக் கொல்லாது.

அறைத்தோழியிடம் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை மட்டும் விழுங்கிவிடாதே. இரண்டு மாத்திரையில் எரிச்சல் அடங்கும். தப்பிய கிருமி அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாமல் போகலாம். டாக்டர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதினால், மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீரைக் கொடு. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடி. இத்தனை வருஷ லேப் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது, டப்பா மூடியைக் கழற்றி வாஷ்பேசின் விளிம்பில் கவிழ்த்து வைப்பதைத்தான். அங்கிருக்கும் கிருமியும் சேர்ந்து எங்கள் தட்டில் வளரும், ரிசல்ட் குழம்பும். மூடியைக் கையிலேயே வைத்துக்கொள், உட்புறம் விரல் படாமல். பிடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. ரிசல்ட் வர இரண்டு நாளாவது ஆகும்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போ, எனக்கும் போன் செய்.

எல்லாக் கடுப்பும் தொற்றல்ல. கல்லாலும் வரும், கல்ச்சரில் ஒன்றும் வளராமல் மாதக்கணக்கில் வலிப்பதும் உண்டு.

இந்தப் பேச்சு வந்ததால் இன்னொன்று. உன் பெரியப்பா சிறுநீர் கழிக்க இரவில் நாலைந்து முறை எழுகிறாராமே. அவர் வயதில் ப்ராஸ்டேட் வீக்கம், சர்க்கரை இரண்டையும் பார்க்க வேண்டும். பீடி வேறு பிடிக்கிறார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணமே புகைதான். அதன் முதல் அறிகுறி பலருக்கு வலியே இல்லாமல் சிறுநீரில் வரும் ரத்தம். ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டச் சொல். நான் சொன்னால் கோபப்படுவார், நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
அத்தை