கிணறும் குழியும் ஒரே வளவில்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்கள் முகப்புக்கும் தரை ஓட்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். மலசலகூடக் குழியை மட்டும் மேசனிடம் விட்டுவிடுவார்கள். அவர் வளவின் மூலையில் கல் வரும்வரை கிண்டி, அடியைத் திறந்தபடியே விட்டு, மேலே சீமெந்து மூடி போடுவார். "இருபது வருசத்துக்கும் நிரம்பாது" என்பார். நிரம்பாத குழிதான் எனக்குப் பயம். உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று?

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் படையாக மிதக்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல்லோ கரைந்து வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான். மண்ணில் மெல்ல ஊறும் கழிவுநீரின் கிருமிகள் வழியிலேயே சிக்கிச் சாகும். கல்வெடிப்பில் அந்தத் தாமதம் கிடைக்காது.

கிருமி மட்டுமென்றால் காய்ச்சிக் குடிக்கலாம். அதே கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் செறியும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழக்கலாம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவுக்கும் இதில் பங்குண்டு. அதற்காக எங்கள் குழியின் பங்கு இல்லையென்று ஆகாது.

கிணற்றுக்கு 50 அடி தள்ளிக் குழி என்பது ஊரறிந்த கணக்கு. இரண்டு பரப்புக் காணி சதுரமாயிருந்தால் ஒரு பக்கம் 74 அடிதான் வரும். உங்கள் கிணற்றை விட்டு விலக விலகப் பக்கத்து வீட்டுக் கிணற்றை நெருங்குவீர்கள். ஆகவே மதிலுக்கு அப்பாலும் அளவுநாடா பிடியுங்கள். பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் அயல் கிணறுகளையும் குறிக்கவேண்டும் என்று கட்டாயமாக்கினால், பாதிப் பிழை கடதாசியிலேயே திருந்திவிடும்.

இனித் தெரிவுகளுக்கு வருவோம். அடி திறந்த குழியை, எவ்வளவு மலிவென்றாலும், கல்நிலத்தில் வேண்டாம் என்பேன். இரண்டு அறைச் செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியும் அதைவிட மேல். திண்மம் தொட்டியில் படிந்துவிடும். ஆனால் வெளிவரும் நீரில் கிருமியும் நைதரசனும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆழமான செம்மண்ணும் விரிந்த வளவும் உள்ளவர்களுக்கு அது போதும். கரையோர மணலில் சில அடியிலேயே தண்ணீர் தட்டுமென்றால் குழி கிண்டவே கூடாது.

சிறிய வளவுக்கு நான் சொல்வது, செப்டிக் தொட்டியோடு சரளைக்கல் வடிகட்டி, அதற்கு அப்பால் அடியும் பக்கமும் கசியாமல் பூசிய பாத்தி. பாத்தியில் கல்வாழையோ வாழையோ வைத்தால் நீர் நிலத்தில் இறங்காமல் இலைவழி போய்விடும். வருசத்தில் பல மாதம் வெயில் காயும் ஊருக்கு இது பொருந்தும். இடம்தான் சிக்கல். ஐந்து பேர் மலசலகூடத்தில் நாளுக்கு 150 லீற்றர் ஊற்றினால், சதுர மீற்றர் பாத்தி 5 லீற்றர் குடிக்குமென்று வைத்தாலும் 30 சதுர மீற்றர் வேண்டும். மாரி மழை உள்ளே விழாதபடி பாத்தியை உயர்த்தி, மேல்மண்ணைச் சரிவாக்கவும் வேண்டும். குளிக்கும் தண்ணீரை இதற்குள் விடாதீர்கள். அது வழக்கம்போல் வேறு வாழைக்குப் போகட்டும்.

அதற்கும் இடமில்லையா? முழுதாக மூடிய சேமிப்புத் தொட்டி கட்டி, நிரம்ப நிரம்பப் பவுசருக்குச் சொல்ல வேண்டியதுதான். காசு கரையும். ஆனாலும் கிணறு தப்பும். பவுசர் அதை எங்கே கொட்டுகிறது என்று கேட்டுவையுங்கள். அடுத்த ஊர் வெளியில் கொட்டினால் அது அவர்கள் கிணற்றுக்குள் இறங்கும்.

எதைக் கட்டினாலும் இலங்கைத் தரநெறி எஸ்.எல்.எஸ். 745ஐ மேசனுக்கு முன்னால் வையுங்கள். மூடி போடுமுன் வெளிவாயை அடைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, சுவரில் கோடு கீறுங்கள். மறுநாள் அதே நேரம் போய்ப் பாருங்கள். நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், கசிவைக் கண்டுபிடித்துப் பூசும்வரை மேசனுக்குக் கடைசிக் கூலியைக் கொடுக்காதீர்கள்.