பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா? மின்சார சைக்கிள் பற்றி ஒரு பாடம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்கு ஒரு அக்கா முழங்காலில் கட்டோடு வந்திருந்தார். குழுக் கடனில் வாங்கிய மின்சார சைக்கிளில் விழுந்துவிட்டாராம். “பிரேக் பிடிச்சேன் மேடம், ஆனாலும் வண்டி இழுத்துக்கிட்டே போச்சு” என்றார். பார்த்தால், பிரேக் பிடியிலிருந்து போகும் மெல்லிய வயர் கழன்று தொங்கியது. பயத்தில் ஆக்ஸிலேட்டரையும் அவர் விடவில்லை.

கன்ட்ரோலர் என்ன செய்கிறது?

இந்த சைக்கிளில் மோட்டார், சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே இருக்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள சிறு பெட்டிதான் கன்ட்ரோலர். நாம் ஆக்ஸிலேட்டரைத் திருகும் அளவுக்குத் தக்கபடி மின்சாரத்தை அளந்து கொடுப்பது இதன் வேலை. பிரேக் பிடியில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பிடியை அழுத்தியதும் அது கன்ட்ரோலருக்குச் சொல்லும். கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த வயர் கழன்றால் சேதி போகாது. பிரேக் கட்டை ஒரு பக்கம் நிறுத்தப் பார்க்கும், மோட்டார் மறுபக்கம் இழுக்கும்.

மோட்டாரே பிரேக் போடுமா?

சில வண்டிகளில் போடும். உள்ளே பல்சக்கரம் இல்லாத மோட்டார், பிரேக் பிடிக்கும்போது டைனமோ போல மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். ஆனால் பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருந்தால் அந்த மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது. வேகம் குறையக் குறைய இந்தப் பிடிப்பும் குறையும். அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். பிரேக் கட்டை தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

வாரம் ஒருமுறை செய்யுங்கள்

1. ஸ்டாண்டு போட்டு, மோட்டார் உள்ள சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்துங்கள். சேலை, துப்பட்டா, பிள்ளைகள் கை பக்கத்தில் வரக்கூடாது.
2. ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகிக்கொண்டே இடது பிரேக்கை மெதுவாக அழுத்துங்கள். மோட்டார் இழுப்பது உடனே நிற்க வேண்டும்.
3. வலது பிரேக்குக்கும் இதே சோதனை.
4. நிற்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எச்சரிக்கை!

“கன்ட்ரோலரை மாற்றி வேகம் கூட்டித் தர்றேன்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். லைசென்சு, பதிவு தேவையில்லை என்ற சலுகை 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிகளுக்குத்தான். சைக்கிள் பிரேக்கும் அந்த வேகத்துக்குத்தான் தாங்கும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு வண்டியை நடுவில் நிறுத்தி, எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். கடன் தவணையை மறக்காமல் கட்டுகிற நாம், பிரேக் வயரையும் மறக்காமல் பார்ப்போமே!