பெயர் போன கம்பனியும் போன பெயரும்

பொருள் பழுதானால்தான் வியாபாரத்தில் பெயர் கெடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிறை குறைவு, கலப்படம், காலாவதியான சரக்கு இப்படி ஏதாவது ஒன்று. இவை எதுவுமின்றி, பொருள் முன்பிருந்த அதே தரத்தில் இருக்க, ஒரேயொரு கையெழுத்தினால் வாடிக்கையாளரை இழந்த கம்பனியொன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கிக் கம்பனிதான் அது. துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் சொந்த அபிப்பிராயம். ஆனால் இங்கே நான் பார்ப்பது கணக்குப் புத்தகத்தை மட்டுமே.

1852 இல் தொடங்கப்பட்ட இக்கம்பனியின் ரிவோல்வர்கள் பல தலைமுறைகளாக அமெரிக்கப் பொலிஸாரின் இடுப்பில் இருந்தவை. 1987 இல் டொம்கின்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் இதனை 112.5 மில்லியன் டொலருக்கு வாங்கியது. (பின்னர் ஹோவிஸ் பாண் தயாரிக்கும் கம்பனியும் டொம்கின்ஸ் கைக்கு வந்தது. துப்பாக்கியும் பாணும் ஒரே முதலாளியிடம் என்று பிரித்தானியப் பத்திரிகைகள் கேலி செய்தன.)

1998 இன் பிற்பகுதியில் கஷ்டகாலம் ஆரம்பித்தது. முதலில் நியூ ஓர்லியன்ஸ், அடுத்த மாதமே சிக்காகோ, பிறகு வேறு பல நகரங்கள் என்று துப்பாக்கிக் கம்பனிகள் மீது நட்டஈட்டு வழக்குகள் குவிந்தன. இப்படியான வழக்கில் தோற்கவே தேவையில்லை, சட்டத்தரணிகளின் கட்டணமே போதும் ஒரு கம்பனியை முடித்துவிட. 1999 இல் கொலம்பைன் பாடசாலைப் படுகொலை நடந்தது. அவ்வருட இறுதியில் மத்திய அரசின் வீடமைப்பு அமைச்சும் வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தது.

2000 மார்ச் 17 ஆம் திகதி ஸ்மித் அண்ட் வெஸன் கிளின்டன் அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பேச்சுவார்த்தையில் இருந்த கிளொக் கம்பனி கடைசியில் கையெழுத்திடவில்லை. ஒவ்வொரு கைத்துப்பாக்கியுடனும் பூட்டு வழங்கப்படும். உரியவர் மட்டுமே சுடக்கூடிய தொழில்நுட்பம் மூன்று வருடங்களுக்குள் புதிய மாதிரிகளில் வரும். புதிய மாதிரிகள் பத்து ரவைகளுக்கு மேற்பட்ட ரவைக்கூட்டை ஏற்காதவையாக இருக்கும். பதிலுக்கு மத்திய அரசு வழக்கு எச்சரிக்கையைக் கைவிடும். பொலிஸ் கொள்வனவுகளில் இக்கம்பனிக்கு முன்னுரிமை தருவதாகப் பல நகரங்களும் சொல்லின.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கெட்டிக்காரத்தனமான தீர்வுதான். ஆனால் துப்பாக்கி வாங்குபவர்கள் இதனைக் காட்டிக்கொடுப்பாகவே பார்த்தார்கள். தேசிய ரைபிள் சங்கம் கடுமையாகக் கண்டித்தது. சந்தையில் பகிஷ்கரிப்பு பரவியது. அதே வருடம் இரண்டு தொழிற்சாலைகள் சில வாரங்கள் மூடிக் கிடந்தன. 125 பேர் வேலை இழந்தனர். கையெழுத்திட்ட தலைமை நிர்வாகி எட் ஷுல்ட்ஸும் அவ்வருடமே விலகிப் போனார்.

கோபம் பூட்டின் மீதா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. 1997 இலேயே இக்கம்பனி உட்பட எட்டுக் கம்பனிகள் கைத்துப்பாக்கிகளுடன் பூட்டுத் தருவதாக கிளின்டன் முன்னிலையில் ஒப்புக்கொண்டிருந்தன. அதற்காக எந்தக் கம்பனியும் இந்த நிலைக்கு வரவில்லை. 2000 இல் நடந்தது வேறு. சட்டமன்றத்தில் நிறைவேற்ற முடியாமல் அரசு திணறிக்கொண்டிருந்த விதிகளை ஒரு கம்பனி தன் வழக்குச் செலவைக் குறைப்பதற்காக விட்டுக்கொடுத்தது. தமது உரிமை என்று வாடிக்கையாளர் கருதிய ஒன்றை, அவரைக் கேட்காமலே விலை பேசிவிட்டது.

அதைவிட மோசமானது கடைக்காரர் விஷயம். இதை நம் வியாபாரிகள் ஆழமாகக் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையில் ஒரு பெரும் பகுதி உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தவில்லை, கடைக்காரரையே கட்டுப்படுத்தியது. ஒருவர் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் இரண்டாவதை 14 நாட்கள் கழித்தே கொடுக்கலாம் என்பது போன்ற நிபந்தனைகள் அவை. ஏனைய கம்பனிகளின் சரக்குக்கும் இவை பொருந்துமா? பொருந்தும் என்றது அமைச்சு, இல்லை என்றது கம்பனி. பாதையோரத்துச் சின்னக் கடைக்காரர் யாரை நம்புவார்? கம்பனிப் பெயரையே அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டார். ஏஜன்ட்மாரைக் கேட்காமல் அவர்கள் தலையில் நிபந்தனை ஏற்றும் கம்பனிகளை நாமும் அறிவோம்.

2001 மே மாதம் டொம்கின்ஸ் கம்பனியை விற்றது. விலை 15 மில்லியன் டொலர், கூடவே 30 மில்லியன் கடனும் வாங்குபவர் பொறுப்பு. 112.5 எங்கே, 45 எங்கே! கிளொக்கின் போட்டியால் பொலிஸ் சந்தை ஏற்கனவே கைநழுவியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், முழு வீழ்ச்சியையும் பகிஷ்கரிப்பின் கணக்கில் எழுத முடியாது. இருந்தும், இயந்திரமும் கட்டடமும் அதே இடத்தில் இருக்கப் பெயரின் பெறுமதி கரைந்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கணக்கு அபூர்வம்.

வாங்கியவர் யார் தெரியுமா? துப்பாக்கிப் பூட்டுத் தயாரிக்கும் ஸஃப்-டி-ஹமர் என்ற சிறிய அமெரிக்கக் கம்பனி! அதன் முக்கியஸ்தர்களில் ஒருவர் ஸ்மித் அண்ட் வெஸனின் முன்னாள் அதிகாரி. புஷ் ஆட்சியில் உடன்படிக்கையை அமுல்படுத்த எவரும் முயலவில்லை. வாடிக்கையாளர்கள் மெதுவாகத் திரும்பினர். 2005 ஒக்டோபரில் இத்தகைய வழக்குகளிலிருந்து துப்பாக்கிக் கம்பனிகளைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. பொறுத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் 2000 இல் அப்படியொரு சட்டம் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஷுல்ட்ஸை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வழக்கின் அபாயத்தை அவர் சரியாகவே எடைபோட்டார். தராசின் மறுதட்டில் வாடிக்கையாளரை வைக்கத்தான் மறந்தார்.

மறதி வாடிக்கையாளருக்கு இல்லை. இன்னொரு பெரிய உற்பத்தியாளரான வில்லியம் ரூகர் 1989 இல் காங்கிரஸுக்குக் கடிதம் எழுதி, ரவைக்கூடுகளைப் பதினைந்து ரவைகளுக்கு மட்டுப்படுத்தலாம் என்றார். 2002 இல் அவர் இறந்த பின்னரும் துப்பாக்கிப் பிரியர்கள் அந்தக் கடிதத்தைச் சொல்லிக் காட்டினர். ஸ்மித் அண்ட் வெஸனின் புதிய உரிமையாளர்கள் ரிவோல்வருக்குள்ளேயே சாவிப்பூட்டு வைத்தார்கள். அதன் சிறு துவாரம் வெளியே தெரியும். அந்தத் துவாரத்தைக் கண்டாலே பழைய உடன்படிக்கையை நினைத்து முகம் சுளித்து, துவாரமில்லாத பழைய துப்பாக்கியைத் தேடி வாங்கியவர்கள் பலர். பூட்டில்லாத மாதிரிகளையும் கம்பனி பிற்காலத்தில் வெளியிட்டது.