வீட்டுச் சிற்றுயிரும் அஹிம்சாணுவிரதமும்

சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நம் குழந்தைகளும் இந்நாளில் ஹாம்ஸ்டர் வாங்கித் தரும்படி பெற்றோரிடம் கேட்கின்றனர். எலியைப் போன்று குறுவால் உடைய சிற்றுயிர் இது. 1930 ஆம் ஆண்டு சிரியா நாட்டின் அலெப்போ நகருக்கருகே வளையைத் தோண்டித் தாயும் குட்டிகளுமாகப் பிடிக்கப்பட்டவற்றின் வழிவந்தவையே, இன்று வளர்க்கப்பெறும் பொன்னிற ஹாம்ஸ்டர்களுள் பெரும்பாலானவை. இவற்றின் வாழ்நாள் இரண்டு, மூன்று ஆண்டுகளே.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தலை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஹாம்ஸ்டருக்கு அத்தடை இல்லை. எனினும் சிராவகருக்குச் சட்டம் ஒன்றே அளவுகோல் அன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆச்சாரியர் அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறியுள்ளார். அவற்றை இச்சிறு கூண்டோடு பொருத்திக் காண்போம்.

1. கட்டுதல்: இரவெல்லாம் ஓடியும் மண்ணைத் தோண்டியும் வாழும் உயிரைக் கைப்பெட்டி அளவுக் கூண்டில் அடைத்தல் இக்குற்றமே. அகன்ற இடமும், தோண்டுதற்கு ஆழமான மரச்சீவல் பரப்பும் வேண்டும்.

2. அடித்தல்: பகலில் உறங்கும் அதனைத் தட்டி எழுப்புதலும், இறுகப் பிடித்தலும், உயரத்திலிருந்து நழுவ விடுதலும் இதன்பாற்படும்.

3. உறுப்பறுத்தல்: பொன்னிற ஹாம்ஸ்டர் தனித்து வாழும் இயல்பினது. வளர்ந்த இரண்டினை ஒரு கூண்டில் இட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கி முறிதலும் உண்டு.

4. மிகு பாரம் ஏற்றுதல்: உடல் தாங்காத வெப்பமும் பாரமே. நம் சமவெளியில் கோடை வெப்பம் 38 டிகிரியைக் கடத்தல் வழக்கம். 30 டிகிரிக்கு மேல் இவ்வுயிர் சோர்ந்துவிடும். தகரக் கூரையின் கீழும் வெயில் படும் தாழ்வாரத்திலும் வைத்தல் கூடாது.

5. உணவும் நீரும் தடுத்தல்: கன்னப்பைகளில் தானியத்தை அடக்கிச் சென்று மறைத்து வைப்பதால், கிண்ணம் காலியாவதை மட்டும் கண்டு அது உண்டதென எண்ணுதல் கூடாது. நாம் மேல்சித்தாமூர் யாத்திரை செல்லுங்கால் அதற்கு நீர் வைப்பவர் யார் என்பதையும் முன்னரே எண்ணுதல் வேண்டும்.

இவ்வைந்தினையும் முற்றக் காக்க இயலாதெனில் வாங்காதிருத்தலே அறம். விற்கப்படும் ஒன்றினை வாங்கினால் மற்றொன்று பிறப்பிக்கப்படும். ஆயின் ஏற்கெனவே இல்லத்தில் உள்ளதனை வயலில் விட்டுவிடுதல் ஜீவதயை ஆகாது. பூனைக்கும் காக்கைக்கும் வெயிலுக்கும் அதனை ஒப்படைத்தலே ஆகும். இறுதி வரை காத்தல் கடமை. நோய் கண்டால் கைமருந்து செய்யாமல் கால்நடை மருத்துவரை நாடுக. நாமக்கல்லில் 1985 ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

குழந்தைகளுக்கு வினாக்கள்:

1. அடிக்காமலே ஓர் உயிரைத் துன்புறுத்தும் வழிகள் யாவை?
2. கூண்டில்லாமல் உயிர்களிடம் அன்பு காட்ட நம் வீட்டு முற்றத்தில் என்ன செய்யலாம்?