தங்கவயலும் வடிவத்தொடரும்

கோலார் தங்கவயலின் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அங்கே உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் சொல்லும் பழங்கதைகளை எங்கள் ஊர் இளைஞர் சிலர் தட்டச்சு செய்து ஓர் இணையதளத்தில் சேர்த்து வருகிறோம். எழுத்துமுறையோ ஆளுக்கொன்று! ஒருவர் 'தங்கவயல்' என்பார். மற்றவர் 'தங்க வயல்' என்பார். ராபர்ட்சன்பேட்டை இன்னொருவர் கையில் ராபர்ட்ஸன்பேட்டை ஆகும். ஒரு வடிவை எழுதித் தேடும் பேரனுக்கு, மறு வடிவில் கிடக்கும் பாட்டனார் கதை அகப்படாது.

இதற்கு மருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன். நான் அதை வடிவத்தொடர் என்கிறேன். கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞரின் கருத்து இது. அவர் கட்டுரை 1956-இல் அச்சாயிற்று. கணிப்பொறித் தேடலுக்கு அதை ஏற்றதாக்கும் வழியைக் கென் தாம்சன் 1968-இல் வெளியிட்டார். ராபர்ட்(ச|ஸ)ன்பேட்டை என்று எழுதினால், அடைப்புக்குள் உள்ள இரண்டில் எது வரினும் பொருந்தும்.

'தங்க ?வயல்' என்று எழுதினால் இடைவெளி இருப்பினும் இல்லாவிடினும் பொருந்தும். நிற்க, இங்கேதான் தமிழ் தன் குணத்தைக் காட்டுகிறது. நம் கண்ணுக்கு 'ல்' ஓர் எழுத்து. யூனிகோடிலோ லகரம், புள்ளி என இரு குறியீடுகள். 'வயலில்' என்னும்போது புள்ளி போய் இகரக் குறி அமர்கிறது. ஆகவே 'வயலில்', 'வயலுக்கு', 'வயலை' யாவும் தப்பிவிடும். வழி எளிது: புள்ளியை விட்டு 'தங்க ?வயல' என்று தேடி, 'தங்க வயல' என்று மாற்றுங்கள். பின்வரும் குறி எதுவாயினும் தன் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டின் சொல்லெல்லைக் குறியை நம்பாதீர்கள். அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையுமே சொல்லுறுப்பாக மதிக்கும்; தமிழ் அதற்கு வெற்றிடம். 'பொன்' என்பதைத் 'தங்கம்' ஆக்கப் புகுந்தால் பொன்னேரி பாழாகும். பொன்(?![அ-ஹ]) என்று எழுதினால், அடுத்துத் தமிழெழுத்து வருமிடத்தைத் தொடாது.

இன்னொன்று: 'கோ' என்பதை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாலும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பொறிக்கோ இவை வெவ்வேறு. 'நார்மலைஸ்' என்னும் கட்டளையால் முதலில் ஒருமைப்படுத்துங்கள். எல்லா இடத்தும் மாற்ற 'ஜி' கொடியும் வேண்டும். இன்றேல் முதலாவது மட்டுமே மாறும்.

இம்மாற்றமெல்லாம் தேடலுக்கென எடுத்த படியில்தான் செய்கிறோம். ஒரு முதியவர் 'கோலாரு' என்று சொல்லியிருந்தால், படிக்கும் பக்கத்தில் அது கோலாருவாகவே இருக்கும்.