குருத்தணு மாற்றம்

நிணநீர்க் கணுக்களிற் பற்றும் அரிய புற்றுநோய்களுள் ஒன்று மாண்டில் செல் லிம்போமா. இந்நோயாளர்க்கு அவர்தம் ஸ்டெம் செல்களையே, அஃதாவது குருத்தணுக்களையே, மீளச் செலுத்தும் சிகிச்சை உண்டு. அவ்வணுக்களே நோய் தீர்க்கும் மருந்தென யாமும் முன்னர் எண்ணியிருந்தோம், அது பிழை. நோயைக் கொல்வன மெல்பலான் முதலிய கடுமருந்துகளே. அவை எலும்பு மஜ்ஜையையும் உடனழிக்குமாதலின், குருதியினின்றும் குருத்தணுக்களை முன்னரே பிரித்து உறையவைத்து, மருந்தேற்றியபின் நாளத்தின் வழியே திரும்பச் செலுத்துவர். உழவன் விதைநெல்லைக் கோட்டை கட்டிக் காப்பது போலும்! அவை மஜ்ஜையிற் புகுந்து புதுக்குருதி ஆக்க ஏறத்தாழ இரு வாரஞ் செல்லும். அந்நாட்களிற் சிறு தொற்றும் உயிர்க்கிறுதி ஆகலாம். இத்துணை இடரும் இன்றியமையாததோ? இப்ருடினிப் என்னும் மருந்தைச் சேர்த்து அளிப்பின், 65 வயதிற்கு மேற்படாத நோயாளர் பலர்க்கு இம்மாற்றமே வேண்டாதொழியலாம் என்று 2024இல் வெளியான டிரையாங்கிள் ஆய்வு காட்டுகின்றது.